பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் தேய்ந்த புளூயிங்கை உரித்துப் புதிதாக ஏற்றலாமா?

கேள்வி: செம்பனைக்காட்டான், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான செம்பனை நிலத்தில் காட்டுப்பன்றிகள் இளங்கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்பதைத் தடுப்பதற்காக என் தந்தையார் உரிமத்துடன் வைத்திருந்த 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் மறைவுக்குப் பின் முறைப்படி காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, உரிமம் என் பெயரில் கிடைத்த பிறகு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அவர் அதை எப்போதும் தோலுறையில் வைத்தே பூட்டி வைப்பார். அந்த உறையின் ஈரமோ கைவேர்வையோ, குழல்களின் மேலிருந்த ‘புளூயிங்’ என்னும் கருநீலப் பூச்சு பல இடங்களில் போய்விட்டது. இடக்கை பிடிக்கும் இடத்தில் வெள்ளிபோல் இரும்பு தெரிகிறது. வாய்ப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் செம்பழுப்புத் துரு புள்ளிபுள்ளியாகப் படர்ந்திருக்கிறது. இரு குழல்களையும் இணைக்கும் பட்டையின் ஓரத்திலும் மெல்லிய துருக்கோடு ஒன்று ஓடுகிறது.

குழலின் அடிப்பகுதியில், துப்பாக்கியைச் சோதித்துப் பார்த்துக் குத்தும் பர்மிங்காம் சோதனை முத்திரைகளும் வரிசை எண்ணும் தெளிவாக உள்ளன. விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்காப்பின் அடியில் பழைய தோட்டம் ஒன்றின் பெயரைக் குறிக்கும் எழுத்துகள் பாதி தேய்ந்த நிலையில் இருக்கின்றன.

மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகங்களுக்குக் கருப்பேற்றித் தரும் பட்டறை ஒன்றில் விசாரித்தபோது, பழைய பூச்சை அமிலத்தில் முக்கி உரித்துவிட்டு, கொதிக்கும் உப்புக் கரைசலில் இறக்கி எடுத்து, மாலைக்குள் புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொன்னார்கள். துப்பாக்கியைக் கொண்டுபோகவில்லை, வாயால் கேட்டதோடு சரி. இதை அங்கே கொடுக்கலாமா, நானே செய்துகொள்ளலாமா, அல்லது இப்படியே விட்டுவிடுவது நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: சக்கரம், கோல கங்சார்

நான் துப்பாக்கி அறியேன், இரும்பு அறிவேன். துரு பிடித்த பாராங்குகளையும் (வெட்டுக்கத்திகள்) பழைய சைக்கிள் பாகங்களையும், ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தில் (நம் பக்கத்தில் ‘சுக்கா கெத்தா’ என்போமே, அதைத்தான் சொல்கிறேன்) தண்ணீர் கலந்து ஊறப்போட்டால், துரு முழுவதும் கழன்று இரும்பு சாம்பல் நிறத்தில் சுத்தமாக வந்துவிடுகிறது. அதன் மேல் குப்பியில் விற்கும் தடவும் புளூவைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் கருப்பு ஏறிவிடும். செலவும் குறைவு. உங்கள் குழல்களுக்கும் இது போதும் என்பது என் எண்ணம்.

பதில்: பழைய கிராணி, பாகான் செராய்

வேலைமுறை பற்றித் தெரிந்தவர்கள் பிறகு எழுதட்டும். தோட்ட அலுவலகத்தில் துப்பாக்கி உரிமங்களைப் புதுப்பிக்கும் பொறுப்பு நெடுங்காலம் என் மேசையில் இருந்ததால், சட்டம் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி, அந்தப் பட்டறைக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகாமல் இருந்தது நல்லதாயிற்று. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் என்பது குறிப்பிட்ட ஆளுக்கும் குறிப்பிட்ட ஆயுதத்துக்கும் உரியது. அதை உரிமமில்லாத ஒருவர் கையில் ஒருநாள் விட்டுவிட்டு வந்தாலும், கொடுத்தவருக்கும் தொல்லை, வாங்கியவருக்கும் தொல்லை. துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் தேவைப்படும் நாடு இது. சட்டத்துக்குப் புறம்பாகச் சுடும் ஆயுதத்தை வைத்திருப்பவருக்கு 1971ஆம் ஆண்டுக் கூடுதல் தண்டனைச் சட்டம் 14 ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. கருப்பேற்றும் பட்டறைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அவரை அந்த நிலையில் நிறுத்த வேண்டுமா?

ஆகவே உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் மட்டுமே கொடுங்கள். கொடுப்பதற்கு முன், உரிமம் வழங்கும் காவல்துறைப் பிரிவில் வேலையின் விவரத்தைக் கூறி, எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்களே எந்த அளவுக்குச் செய்யலாம் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். துடைப்பதும் எண்ணெய் பூசுவதும் பராமரிப்பு. அதற்கு மேல் போவதை அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று. விசைக்காப்பில் உள்ள அந்த எழுத்துகளை எவரும் தேய்க்க விடாதீர்கள். 1948 சூன் 16 அன்று உங்கள் ஊரை ஒட்டிய எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, பெரிய துரை பங்களா முதல் அலுவலகம் வரை துப்பாக்கி இல்லாத தோட்டத்தைப் பார்ப்பது அரிதாயிற்று. உங்களுடையது அந்தக் காலத்ததா என்பதை அந்த எழுத்துகளும் முத்திரைகளும்தான் சொல்ல முடியும்.

பதில்: பழைய ஃபிட்டர், தைப்பிங்

உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றின் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கிராணி ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கோல கங்சார் நண்பர் சொன்ன முறை பாராங்குக்குப் பொருந்தும், இரட்டைக்குழலுக்குப் பொருந்தாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரட்டைக்குழல் துப்பாக்கியின் இரு குழல்களும் ஒரே இரும்பில் கடைந்தவை அல்ல. தனித்தனிக் குழல்களை அடியில் இறுக இணைத்து, நடுவில் மேலும் கீழுமாக இரண்டு பட்டைகளை வைத்து, அவற்றை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால் நீளம் முழுவதும் ஒட்டியிருப்பார்கள். பட்டறைக்காரர் சொன்ன கொதிக்கும் கரைசல் என்பது எரிசோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து 140 பாகை செல்சியஸ் அளவில் கொதிப்பது. அந்தப் பற்று உருகுவதற்கு 183 பாகையாவது வேண்டும் என்பதால், சூட்டினால் ஆபத்தில்லை என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் எரிசோடா ஈயத்தையும் வெள்ளீயத்தையும் கரைத்துவிடும். வெளியே எடுக்கும்போது அழகாகத்தான் இருக்கும். பிறகு பட்டைக்குள் புகுந்த உப்பு, மழைக்காலம்தோறும் ஓரத்தில் வெள்ளையாகக் கசியும். உள்ளே இருந்தே துரு பிடிக்கும். கடைசியில் பட்டை கழன்று கையில் வரும். அப்படிக் கழன்றவற்றைத் திரும்பப் பற்றவைப்பது, புளூயிங் செய்வதைவிடப் பல மடங்கு வேலை.

அமிலத்தில் முக்குவதில் வேறு கேடு. அமிலம் துருவை மட்டும் தின்று நிற்காது. மிச்சமிருக்கும் நல்ல புளூயிங்கையும் ஒரு நொடியில் உரித்துவிடும், ஏனெனில் புளூயிங் என்பதும் இரும்பு ஆக்சைடுதான். பூட்டுப் பகுதியின் வில்கள் அமிலத்தில் பட்டால், இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வந்து, எப்போது முறியும் என்று சொல்ல முடியாத நிலை ஏற்படும். குப்பியில் விற்கும் தடவும் புளூ, பெரும்பாலும் செலீனியம் சேர்மமும் மயில்துத்தமும் கலந்தது. இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் படிவதோடு சரி. சிறு கீறலை மறைக்க உதவும். ஒரு குழல் முழுவதும் தடவினால் திட்டுத்திட்டாக நின்று, சில மாதங்களில் கை படும் இடமெல்லாம் மறுபடி வெளுக்கும். அப்படித் தடவிய துப்பாக்கியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கல்யாணத்துக்கு முதல்நாள் சாயம் பூசிய நரைமுடிதான் நினைவுக்கு வரும். நச்சும் உண்டு, கையுறையின்றித் தொடக்கூடாது.

இந்த வகைக் குழல்களுக்கு உரிய முறை துருவை வைத்தே செய்யும் புளூயிங். எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் நீங்கிய குழலின் மேல், நவச்சாரமோ இரும்புக் குளோரைடோ கொண்ட கரைசலை, கிட்டத்தட்டக் காய்ந்த பஞ்சால் ஒரே இழுப்பாகத் தடவி, ஈரப்பதமுள்ள இடத்தில் வைத்தால், மெல்லிய செந்துரு சீராகப் படரும். அந்தக் குழலை நீளத் தொட்டியில் கொதிக்கும் நீரில் இருபது நிமிடம் வைத்தால், செந்துரு மேக்னடைட் என்னும் கருப்பு ஆக்சைடாக மாறிவிடும். மேலே தளர்ந்து நிற்கும் கரியை மயிரிழை போன்ற கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு, மறுபடி தடவி, மறுபடி கொதிக்க வைத்து, இப்படி ஐந்தாறு சுற்று வந்தால், ஆழ்ந்த கருநீலம் தானே எழும். குழாய்நீரில் உள்ள குளோரின் புள்ளி போடும் என்பதால், நாங்கள் மழைநீரைத்தான் பயன்படுத்தினோம். குழலின் உட்பக்கத்தை அரக்கு வார்னிஷ் பூசி, மரக்கட்டையால் அடைத்துக் காப்போம். பழைய சூத்திரங்களில் பாதரசக் குளோரைடும் வரும்; அவற்றைப் படித்துவிட்டு யாரும் அடுக்களையில் கலக்க வேண்டாம்.

குளிர்நாட்டில் இதற்கென ஈரப்பெட்டி கட்டுகிறார்கள். நமக்குப் பேராக்கின் காற்றே ஈரப்பெட்டி. அதனாலேயே இங்கே வேறொரு கவனம் வேண்டும்: இரவு முழுக்க வைத்துவிட்டால் துரு ஆழமாகக் கடித்துக் குழி போட்டுவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எடுத்துப் பார்க்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் அதற்கும் முன்பே தயாராகிவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, என் கருத்தை வைக்கிறேன்: உங்கள் துப்பாக்கியை உரிக்கவே வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அதில் கெட்டிருப்பது துருவேறிய வாய்ப்பக்கம் மட்டுமே. கை பிடித்துத் தேய்ந்த வெள்ளை இடம் குறையல்ல. அது எண்ணெய் பூசி வைத்தால் நூறு ஆண்டு அப்படியே இருக்கும். முதலில் மெல்லிய எண்ணெயில் தோய்த்த, மிக நுண்ணிய எஃகு நாரால் வாய்ப்பக்கத்து ஒரு விரல் அகலத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்பு கழன்று அடியில் பழைய நீலம் தெரிந்தால், முழு வேலைக்கே தேவையில்லை. அப்போதும் துரு மிச்சமிருந்தால், வணிகரிடம் கொடுத்து, கரைசல் எதுவும் தடவாமல் வெறும் நீரில் கொதிக்க வைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். இருக்கிற செந்துருவே கருப்பாக மாறி நின்றுவிடும். ஒரு துளி உலோகம்கூடப் போகாது.

உரித்து மெருகேற்றும் வேலையில் உலோகம் போகத்தான் செய்யும். துருக்குழியின் அடிவரை தேய்த்தால்தான் பரப்பு சமமாகும். சமமாக்கிய அளவுக்குக் குழலின் சுவர் மெலியும். குழலின் நடுப்பகுதியில் சுவர் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதைச் சுடுவதற்கு ஏற்றதல்ல என்று ஒதுக்குவதே இத்தொழிலில் வழக்கம். பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் முத்திரைகளும் வரிசை எண்ணும் மழுங்கும். வரிசை எண் படிக்க முடியாமல் போனால், உரிமத்தோடு ஒப்பிட்டுக் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

கடைசியாக, பட்டையை ஒட்டிய அந்தத் துருக்கோடுதான் எனக்குக் கவலை தருகிறது. தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, குழல்களை மட்டும் கழற்றி, அடியிலுள்ள கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டுங்கள். பற்று நன்றாக இருந்தால் தெளிவான ஒலி எழுந்து நீண்டு அடங்கும். எங்காவது விட்டிருந்தால் ‘டக்’ என்று செத்த ஒலியோ, நடுநடுங்கும் ஒலியோ வரும். அப்படி வந்தால் கொதிநீரிலும் இறக்கக்கூடாது, உள்ளே நீர் புகுந்து தங்கிவிடும்.

பதில்: வட்டப்பலகை, ஈப்போ

ஃபிட்டர் ஐயாவுக்கு ஒரு துணைக் கேள்வி. சுடுமன்ற உறுப்பினர் என்ற முறையில் உரிமம் பெற்று வைத்திருக்கும் என் பழைய கைத்துப்பாக்கியில், மேலே நகரும் பகுதி ஊதா நிறமாக மாறிவிட்டது. கீழ்ச்சட்டமோ உறை உரசும் இடத்தில் வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறது. இதற்கும் அதே துருமுறை ஏற்குமா?

பதில்: பழைய ஃபிட்டர், தைப்பிங்

முதலில் கீழ்ச்சட்டத்தில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஐயா. ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் அலுமினியக் கலவை. அதற்குத் துருவே பிடிக்காது, ஆகவே துருமுறையும் ஏறாது. எரிசோடாக் கரைசலில் இறக்கினால் நுரைத்துக்கொண்டு கரையத் தொடங்கிவிடும். அதற்கு உரியது அனோடைசிங் (மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல் ஆக்சைடுப் படலம் ஏற்றுவது), அல்லது சூட்டில் இறுகும் பூச்சு. இரண்டையும் பிரித்தெடுத்த சட்டத்தில்தான் செய்ய முடியும். மேற்பகுதி ஊதாவானது பெரும்பாலும் இரும்பின் கலவையால், சில வேளைகளில் முன்பு புளூயிங் செய்தவர் கரைசலின் சூட்டைச் சரியாக வைக்காததால். துருமுறையில் அந்த ஊதா பெரும்பாலும் வராது. ஆனால் கைத்துப்பாக்கியின் நகரும் பகுதிகளில் தேய்க்கும் வேலை கூடுதலானால் பொருத்தத்தில் தளர்ச்சி வரும் என்பதால், அதை எடுக்கும் வணிகர் பழகியவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுடுவதில் குறையில்லை என்றால் ஊதாவோடு வாழ்ந்துவிடலாம் என்பேன்.

மறுமொழி: செம்பனைக்காட்டான், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் நன்றி. காவல்துறைப் பிரிவில் கேட்டதற்கு, எண்ணெயும் நாரும் கொண்டு துடைப்பதற்குத் தடையில்லை என்றும், மற்ற வேலைகளுக்கு உரிமம் பெற்ற வணிகரிடம்தான் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தேன். ஒலி தெளிவாகவே நீண்டது. வாய்ப்பக்கத்தில் ஒரு விரல் அகலம் தேய்த்துப் பார்த்ததில் செம்பழுப்பு பெரும்பாலும் கழன்று, அடியில் மங்கிய நீலம் தெரிகிறது. நான்கைந்து இடங்களில் மட்டும் ஊசிமுனை அளவுக் குழிகள் உள்ளன.

இரண்டு ஐயங்கள். குழல்கள் பூட்டும் நடுப்பகுதியில் பூவேலைக்கு இடையே சாம்பலும் லேசான பழுப்பும் கலந்து திட்டுத்திட்டாக இருக்கிறதே, அதுவும் தேய்ந்த புளூயிங்தானா? அடுத்து, சோதனை முத்திரைகளுக்கு அருகே ‘2½’ என்று ஓர் எண் இருக்கிறது. அது எதைக் குறிக்கிறது?

பதில்: பழைய ஃபிட்டர், தைப்பிங்

இரண்டாவது கேள்வியை நீங்கள் கேட்டது மிக நல்லது, தம்பி. புளூயிங்கைவிட அதுதான் முக்கியம். 2½ என்பது தோட்டா அமரும் அறையின் நீளம், அங்குலக் கணக்கில். மில்லிமீட்டரில் 65. இப்போது கடைகளில் கிடைக்கும் தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மில்லிமீட்டர், அதாவது 2¾ அங்குலம். அந்த அளவு, சுட்ட பிறகு விரிந்த உறையின் நீளம் என்பதால், சுடாத தோட்டா உங்கள் அறையில் தடையில்லாமல் நுழைந்துவிடும், மூடியும் பூட்டிக்கொள்ளும். சுடும்போது உறையின் வாய் விரிய இடமின்றி, அறைக்கு முன்னுள்ள குறுகலில் நெருக்கி, அழுத்தம் கூடிவிடும். உங்கள் தந்தையார் எந்தத் தோட்டாவைப் பயன்படுத்தினார் என்பது தெரியாது. அறையைப் பின்னாளில் யாராவது நீட்டியிருக்கவும் கூடும். வணிகர் அளவுக்கருவியை உள்ளே விட்டுச் சொல்லும் வரை ஒரு தோட்டாவும் இட வேண்டாம். 1813இல் தொடங்கிய பர்மிங்காம் சோதனைக்கூடம் இந்த முத்திரைகளைக் குத்துவதே இத்தகைய காரணங்களுக்காகத்தான். சக்கரத்தில் தேய்த்திருந்தால் அந்த எண்ணும் சேர்ந்து போயிருக்கும்.

நடுப்பகுதியில் இருப்பது புளூயிங் அன்று. எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டியில் செந்தணலாகக் காய்ச்சி, நீரில் அமிழ்த்தி, இரும்பின் மேல்தோலை மட்டும் கடினமாக்கும் முறையில் பிறக்கும் நிறம் அது. புதிதாக இருக்கும்போது நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளும் கலந்து நிற்கும். கை படப்படச் சாம்பலாகும். நிறம் போனாலும் கடினம் இருக்கும். திரும்ப நிறம் வரவைக்கிறேன் என்று யாராவது அதைக் காய்ச்சினால் கோணிக்கொள்ளும் அபாயம் உண்டு. துணியில் ஓரிரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைப்பதோடு விட்டுவிடுங்கள்.

ஊசிமுனைக் குழிகளையும் தேய்த்தெடுக்க முயல வேண்டாம். வணிகரிடம் குழல்களை ஒருமுறை கொதிநீரில் வைத்துத் துடைக்கச் சொன்னால், குழிக்குள் இருக்கும் துருவும் கருப்பாகி அமர்ந்துவிடும். அதற்கு முன்பு சுவரின் கனத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

பதில்: பழைய கிராணி, பாகான் செராய்

கொடுக்கும்போது வரிசை எண், கொடுத்த நாள், செய்ய வேண்டிய வேலை, திரும்பப் பெறும் நாள் ஆகியவை எழுதிய ரசீதில் வணிகரின் முத்திரையும் இருக்கட்டும். அதன் நகலை உரிமத்தோடு சேர்த்து வையுங்கள். உரிமம் முடியும் தேதிக்கு முன்பே துப்பாக்கி திரும்பி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் புதுப்பிக்கும்போது வீண் அலைச்சல். தோலுறையை இனிப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டில் பூட்டிய அலமாரிக்குள் வெறுமனே நிறுத்தி, அருகில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவை நிறம் மாறும்போதெல்லாம் அடுப்பில் உலர்த்திப் போடுங்கள்.